கதைப்புத்தக விலங்குகளை வாட்டர் கலரில் வரைய 32 குறிப்புகள்

வீட்டுக் குழந்தைக்கு நாமே ஒரு கதைப்புத்தகம் வரைந்து கொடுக்க நினைத்தால், வாட்டர் கலர்தான் கைக்கு எளிதில் வசப்படும். பெட்டி சிறியது, வாடை கிடையாது, சாப்பாட்டு மேசையிலேயே வரைந்து முடித்துத் துடைத்து எடுத்துவிடலாம். முயலும் அணிலும் காக்கையும் பேசித் திரியும் கதைகளுக்கு அதன் மென்மையான நிறமும் நன்றாகப் பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வரும் விலங்கு சட்டை போடலாம், குடை பிடிக்கலாம், சந்தைக்குப் போகலாம். ஆனால் உடம்பு அந்த விலங்கின் உடம்பாகவே இருக்க வேண்டும். காதும் காலும் முதுகும் சரியாக அமைந்தால்தான், அது பேசுகிறது என்பதைக் குழந்தை நம்பும். கீழே உள்ள குறிப்புகளில் பல இதை ஒட்டியே வருகின்றன.

பொருட்கள் வாங்கும்போது

1. செலவு செய்யும் பணத்தில் பெரும்பங்கைக் காகிதத்துக்கு ஒதுக்குங்கள். சாதாரண டிராயிங் ஷீட் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பும். நிறம் பள்ளங்களில் தேங்கித் திட்டுத் திட்டாகக் காயும். 300 ஜிஎஸ்எம் வாட்டர் கலர் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள். முழுப் பருத்தியில் செய்த காகிதம் ஈரத்தை நெடுநேரம் தாங்கும். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பூச்சுகளையும் ஏற்கும். விலை அதிகம் என்று தோன்றினால், பயிற்சிக்கு மரக்கூழ்க் காகிதமும் இறுதிப் படத்துக்குப் பருத்திக் காகிதமும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. ‘கோல்டு பிரஸ்டு’ காகிதத்தில் லேசான சொரசொரப்பு இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுவே நல்லது. ‘ஹாட் பிரஸ்டு’ வழவழப்பானது. மீசை முடி, சட்டைப் பொத்தான் போன்ற நுணுக்கங்கள் அதில் துல்லியமாக விழும். ஆனால் பூச்சின் ஓரங்கள் சீக்கிரம் காய்ந்து கோடாக நின்றுவிடும். கை பழகிய பிறகு அதற்கு மாறுங்கள்.

3. சிறிய அளவில் வரையுங்கள். ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் ஒரு விலங்குக்கு அதுவே தாராளம். 1902-ல் லண்டனில் வெளியான ‘பீட்டர் ராபிட்’ கதைப்புத்தகம், குழந்தையின் கைக்குள் அடங்கும் சிறிய அளவில்தான் வந்தது. அதை எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர், விரும்பிக் கேட்டு வைத்த அளவு அது. படம் சிறியதாக இருந்தால் காகிதம் மிச்சமாகும். ஈரம் காய்வதற்குள் பூச்சை முடித்துவிடவும் முடியும்.

4. வட்ட முனை பிரஷ் மூன்று போதும்: 8-ம் எண், 4-ம் எண், 1-ம் எண். வாங்கும் முன் கடையில் சிறிது தண்ணீர் கேட்டு நனைத்து, ஒரு முறை உதறிப் பாருங்கள். முனை தானாகக் கூர்மையாகச் சேர்ந்தால் நல்ல பிரஷ். இரண்டாகப் பிரிந்தால் வேண்டாம். முனை கூர்மையாக இருக்கும் 8-ம் எண் பிரஷ் ஒன்றாலேயே படத்தின் முக்கால் பங்கை வரைந்துவிடலாம்.

5. இருபத்து நான்கு நிறப் பெட்டி தேவையில்லை. லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், கிரிம்சன், அல்ட்ராமெரின் புளூ, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர் ஆகிய ஆறு டியூப்களில் காட்டு விலங்கு, வீட்டு விலங்கு எல்லாவற்றையும் வரையலாம். குறைந்த நிறங்களிலிருந்து கலந்து எடுப்பதால், புத்தகத்தின் பக்கங்கள் எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியும். பழைய வகை அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால், டியூபில் ‘பெர்மனென்ட்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

6. பேலட்டுக்கு வீட்டில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் தட்டே சிறந்தது. புது பிளாஸ்டிக் பேலட்டில் நிறம் பரவாமல் முத்து முத்தாக உருளும். தட்டில் காய்ந்துபோன வாட்டர் கலரைக் கழுவிக் கொட்ட வேண்டாம். மறுநாள் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மீண்டும் கரைந்துவிடும்.

7. தண்ணீருக்கு இரண்டு டம்ளர் வையுங்கள். ஒன்று பிரஷ் கழுவ, மற்றொன்று நிறம் கலக்க. கலக்கும் தண்ணீர் கலங்கியிருந்தால் மஞ்சளும் வெள்ளையும் அழுக்காகத் தெரியும். பக்கத்தில் ஒரு பழைய பனியன் துணி இருக்கட்டும். பிரஷில் தண்ணீர் கூடுகிறதா குறைகிறதா என்பதை அந்தத் துணிதான் முடிவு செய்யும். ஒவ்வொரு முறையும் அதில் ஒற்றிவிட்டுக் காகிதத்தைத் தொடப் பழகுங்கள்.

பார்த்துப் பழக

8. பென்சிலைத் தொடும் முன் விலங்கைப் பத்து நிமிடம் பாருங்கள். மாடி கைப்பிடிச் சுவரில் உட்காரும் காக்கை, வாசலில் படுத்திருக்கும் நாய், கொய்யா மரத்து அணில், இவையே நல்ல ஆசிரியர்கள். அவை அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் முழுப் படம் போட முயல வேண்டாம். முதுகின் வளைவு ஒரு கோடு, தலையின் சாய்வு ஒரு கோடு, வால் ஒரு கோடு. இப்படி ஒரு பக்கம் நிறையக் கிறுக்கி வைத்தால், கதைக்கு வேண்டிய நிலைகள் அதிலிருந்தே கிடைக்கும்.

9. பியாட்ரிக்ஸ் பாட்டரின் படங்கள் நூறு ஆண்டு கடந்தும் நிற்பதற்குக் காரணம் இந்தப் பார்வைதான். 1866-ல் பிறந்த அவர், சிறுவயதில் தம்பியோடு சேர்ந்து லண்டன் வீட்டிலேயே முயல், எலி, முள்ளெலி, வௌவால் எல்லாம் வளர்த்து, அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பீட்டர் கதை, 1893-ல் ஒரு நோயுற்ற சிறுவனுக்கு அவர் படம் போட்டு எழுதிய கடிதத்தில் பிறந்தது. அவர் வளர்த்த முயலின் பெயரும் பீட்டர்தான். கதையில் பீட்டர் நீலச் சட்டை போட்டுப் பின்னங்காலில் நிற்கிறான். தோட்டக்காரர் துரத்தும்போது செருப்பை இழந்ததும் நான்கு காலில் பாய்கிறான். பிறகு வலையில் பொத்தான் மாட்டிச் சட்டையும் போகிறது. அந்த இடத்தில் நாம் பார்ப்பது உயிருக்கு ஓடும் உண்மையான முயலை. சட்டைக்குள் முழு முயல் ஒன்று இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது.

10. எந்த விலங்கையும் முட்டை வடிவங்களாகப் பிரித்துப் பாருங்கள். உடலுக்கு ஒரு பெரிய முட்டை, தலைக்கு ஒரு சிறிய முட்டை, தொடைக்கு ஒன்று. பிறகு மூட்டுகளைப் புள்ளி வைத்து இணையுங்கள். நாய், பூனை, முயல் ஆகியவற்றின் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கித் தெரிவது முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள். அது குதிகால். முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டாலே கால்கள் பாதி சரியாகிவிடும்.

11. ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு மூன்று அடையாளங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:
வீட்டுக் காக்கைக்குக் கழுத்து சாம்பல் நிறம். உடம்பு முழுக்கக் கருப்பாக இருந்தால் அது அண்டங்காக்கை.
பூனையின் கண்மணி வெளிச்சத்தில் செங்குத்தான கீற்று; ஆட்டின் கண்மணி கிடைமட்டமானது.
ஆந்தை கண்ணை உருட்டாது, தலையைத்தான் திருப்பும்.
கிளிக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். ஆண் பச்சைக்கிளிக்குத்தான் கழுத்தில் வளையம்.
முயலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கும்; முகத்தின் முன்னால் வைத்தால் பூனையாகிவிடும்.

12. யானை வரையும்போது கூடுதல் கவனம் வேண்டும். இணையத்திலிருந்து எடுக்கும் பல படங்கள் ஆப்பிரிக்க யானையுடையவை. நம் யானைக்குக் காது சிறியது, நெற்றியில் இரட்டை மேடு உண்டு, தும்பிக்கை நுனியில் ஒரு விரல் போன்ற மடல்தான் இருக்கும். முன்னங்காலில் ஐந்து நகமும் பின்னங்காலில் பெரும்பாலும் நான்கு நகமும் காணலாம். கோயில் வாசலில் யானையைப் பார்த்து வளர்ந்த குழந்தை வித்தியாசத்தை உடனே கண்டுபிடித்துவிடும்.

பென்சில் வேலை

13. உணர்ச்சியை முகத்தில் தேடாமல் உடம்பில் தேடுங்கள். பயந்த பூனையின் காது தலையோடு ஒட்டிக்கொள்ளும், முதுகு வளையும். நாய்க்குக் குற்ற உணர்வு என்று காட்ட வேண்டுமா? தலையைத் தாழ்த்தி வாலை உள்ளே இழுங்கள். ஆர்வமான அணில் முன்னங்காலைத் தூக்கி நிமிரும். 1926-ல் வந்த ‘வின்னி த பூ’ புத்தகத்தில் ஈ.எச்.ஷெப்பர்ட் வரைந்த கரடிக்குக் கண் வெறும் புள்ளிதான். அதன் சோர்வும் யோசனையும் நிற்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். மனிதப் புருவமும் மனித உதடும் வைத்தால் விலங்கு முகமூடி போட்டதுபோல் ஆகிவிடும்.

14. உடை ஒன்று போதும். முயலுக்கு மேல்சட்டை, தவளைக்குத் துண்டு, கரடிக்குக் கம்பளிக் குல்லா என்று ஒன்றை மட்டும் கொடுங்கள். முதலில் உடை இல்லாமல் முழு உடலையும் பென்சிலால் போட்டுவிட்டு, அதன் மேல் துணியைப் போர்த்துங்கள். தோள் எங்கே முடிகிறது, வால் எந்த வழியாக வெளியே வருகிறது என்பது அப்போதுதான் தெளிவாகும்.

15. ஒரே விலங்கு பத்துப் பக்கத்தில் வரும் என்றால், முன்கூட்டியே ஒரு மாதிரித் தாள் தயாரியுங்கள். முன்பக்கம், பக்கவாட்டு, முதுகுப்பக்கம் என மூன்று நிலைகளில் வரைந்து, உடம்பு எத்தனை தலை உயரம் என்று குறியுங்கள். பக்கத்திலேயே கலந்த நிறத்தின் ஒரு பட்டையைப் பூசி, எந்த இரண்டு நிறத்தைக் கலந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இது இல்லாவிட்டால் முதல் பக்கத்து முயலும் கடைசிப் பக்கத்து முயலும் அண்ணன் தம்பியாகத்தான் இருக்கும்.

16. வாட்டர் கலர் காகிதத்தின் மேல் போட்டு அழித்து, போட்டு அழித்துத் திருத்தாதீர்கள். தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிவிடாமல் காக்கும் பூச்சு ஒன்று அதில் உண்டு. ரப்பர் தேய்த்தால் அது பெயர்ந்து, அந்த இடத்தில் நிறம் கறையாக இறங்கும். சாதாரணத் தாளில் திருத்தி முடித்து, பகல் நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் இரண்டையும் சேர்த்து ஒட்டி, மேலே தெரியும் கோட்டை ஹெச்பி பென்சிலால் லேசாகப் படியெடுங்கள்.

17. மையில் கோடு போட விரும்பினால் ‘வாட்டர் புரூஃப்’ பேனாவாகப் பாருங்கள். ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டு, நன்றாகக் காய்ந்த பின் ஈர பிரஷால் தேய்த்துச் சோதியுங்கள். ரோமம் உள்ள விலங்குகளுக்குக் கருப்பை விடப் பழுப்பு மை மென்மையாக இருக்கும். கோட்டை முழுவதும் சுற்றி மூடாமல், வெளிச்சம் படும் பக்கத்தில் ஆங்காங்கே விட்டுவிட்டுப் போடுங்கள்.

நிறம் பூசும்போது

18. வாட்டர் கலரில் வெள்ளை என்பது காகிதம்தான். பூசத் தொடங்கும் முன், எங்கெங்கே வெள்ளை வேண்டும் என்று பென்சிலால் சிறிய குறி வையுங்கள்: கண்ணில் ஒரு ஒளிப்புள்ளி, வயிறு, மூக்கின் மேல் ஒரு பளபளப்பு. மெல்லிய கீற்றுகளைக் காக்க மாஸ்கிங் ஃப்ளூயிட் உதவும். அதற்குப் பழைய பிரஷை முதலில் சோப்பில் தோய்த்து எடுத்துப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ரோமம் ஒட்டிப் பாழாகும். படம் முழுவதும் காய்ந்த பிறகு விரலால் உருட்டி எடுத்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் காகிதத்தையும் சேர்த்துப் பிய்க்கும்.

19. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போங்கள். முதல் பூச்சு தேநீர் போல நீர்த்திருக்கட்டும். காய்ந்ததும் நிறம் ஓரளவு வெளிறிவிடும் என்பதால், ஈரத்தில் பார்க்கும்போது கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்தால் சரி. வெட்டிய துண்டுக் காகிதங்களை எறியாமல் வைத்து, ஒவ்வொரு கலவையையும் அதில் பூசி, காயவிட்டுப் பார்த்த பிறகே படத்தில் வையுங்கள்.

20. ஈரத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வித்தை வந்துவிடும். தாளைச் சாய்த்துப் பாருங்கள். பளபளவென்று மின்னினால் முழு ஈரம். இன்னொரு நிறத்தைத் தொட்டு வைத்தால் தானாகப் பரவும். மினுக்கம் போய் மங்கலாக இருந்தால் அரை ஈரம். இந்த நேரத்தில் தண்ணீர் மிகுந்த பிரஷை வைத்தால் காலிஃபிளவர் விளிம்பு போலத் திட்டு விழும். புறங்கையை லேசாக வைத்துப் பார்த்துக் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை. அரை ஈரத்தில் கை வைக்காமல் காத்திருப்பதே மிக முக்கியமான பழக்கம்.

21. ரோமத்தை ஒவ்வொரு முடியாக வரைய வேண்டாம். முதலில் உடல் முழுவதையும் சுத்தமான தண்ணீரால் நனைத்து, யெல்லோ ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் ஆங்காங்கே விட்டு ஒன்றோடொன்று கலக்கவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும், பிரஷைத் துணியில் ஒற்றி, முனையைச் சற்றுப் பரப்பி, முடி வளரும் திசையில் மெல்ல இழுங்கள். கழுத்து, வயிற்றின் கீழ் விளிம்பு, வால், காதுக்குள் ஆகிய இடங்களில் மட்டும் இதைச் செய்தால் போதும். மற்ற இடங்களைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

22. அணில் வரையும் முறையை முழுதாகப் பார்ப்போம். நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று வெளிர்க் கோடுகள். நடுக்கோடுதான் நீளமானது, பக்கக் கோடுகள் இரண்டும் முன்னங்காலிலிருந்து பின்னங்கால் வரை மட்டுமே ஓடும். உட்கார்ந்து கொட்டை கொறிக்கும் நிலையில் பென்சிலால் போடுங்கள். மூன்று கோடுகளையும் மாஸ்கிங் ஃப்ளூயிடால் மூடிக் காயவிடுங்கள். முதுகுக்குத் தண்ணீர் பூசி, யெல்லோ ஆக்கரை மெலிதாக விட்டு, ஈரத்திலேயே பர்ன்ட் அம்பரையும் துளி அல்ட்ராமெரினையும் முதுகின் மேல்பக்கம் தொட்டு வையுங்கள். வயிற்றுப் பக்கம் நிறம் தானாக மங்கி வெள்ளையில் முடியட்டும். வாலை அரை உலர் பிரஷால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் கோதுங்கள். காய்ந்ததும் மாஸ்கிங்கை உருட்டி எடுத்து, கோடுகள் மேல் மிக வெளிறிய ஆக்கரை ஒரு முறை ஓட்டுங்கள். காகித வெள்ளையாகவே விட்டால் பெயின்ட் அடித்ததுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். கடைசியாகக் கண், ஒளிப்புள்ளியை விட்டுவிட்டு அடர் நிறம் வையுங்கள்.

23. கருப்பு டியூபை ஒதுக்கிவையுங்கள். அல்ட்ராமெரின் புளூவையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்தால் உயிருள்ள கருப்பு கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த கருப்பு, சியன்னா கூடினால் வெதுவெதுப்பான கருப்பு. காக்கையின் சிறகுக்கு நீலம் தூக்கலாகவும், கரடிக்குச் சியன்னா தூக்கலாகவும் வையுங்கள். இதே கலவையில் தண்ணீரைக் கூட்டினால் காக்கையின் கழுத்துச் சாம்பல் வந்துவிடும். சிறகின் மேல் விளிம்பில் வெளிர் நீலத்தை ஒரு கீற்று மூடாமல் விட்டால் இறகின் மினுமினுப்பு தானாகத் தெரியும்.

24. வெள்ளை விலங்கை வரைய, அதன் நிழலையும் பின்புலத்தையும் வரையுங்கள். வெள்ளைப் பூனையின் வயிற்றடி, கழுத்தடி, காதின் உட்புறம் ஆகியவற்றில் மட்டும் நீர்த்த நீலச் சாம்பல். பின்னால் ஒரு மெல்லிய பச்சையையோ பழுப்பையோ பூசினால் பூனையின் வெளிக்கோடு தானே எழுந்து வரும். காதுக்குள்ளும் மூக்கிலும் கிரிம்சன் ஒரு துளி போதும்.

25. கிளிக்கும் தவளைக்கும் பச்சையை நீங்களே கலந்துகொள்ளுங்கள். லெமன் யெல்லோவில் அல்ட்ராமெரினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வேண்டிய பச்சையைப் பிடியுங்கள். பச்சை கண்ணைக் குத்தினால் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் அடங்கிவிடும்.

26. நிழலுக்கு எல்லா விலங்குக்கும் ஒரே கலவையைப் பயன்படுத்துங்கள். அல்ட்ராமெரினில் துளி கிரிம்சன் சேர்த்த ஊதாச் சாம்பலை நன்றாகக் காய்ந்த படத்தின் மேல் ஒரே இழுப்பில் ஓட்டுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் அடியில் உள்ள நிறம் கரைந்து கலங்கும். காலடியில் நிழல் விழுந்ததும் அந்தரத்தில் மிதந்த விலங்கு தரையில் ஊன்றி நின்றுவிடும்.

27. தவறிய இடத்தைத் திருத்த வழி உண்டு. சுத்தமான ஈர பிரஷால் மெல்ல வருடி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பூமி நிறங்களான ஆக்கர், சியன்னா போன்றவை ஓரளவு வந்துவிடும். கண்ணில் ஒளிப்புள்ளி விட மறந்திருந்தால், வெள்ளை போஸ்டர் கலரை ஊசிமுனை அளவு தொட்டு வையுங்கள். மீசைக்கும் அதுவே கைகொடுக்கும்.

பக்கம் அமைக்கும்போது

28. பின்னணியை மூலைக்கு மூலை நிரப்ப வேண்டாம். விலங்கைச் சுற்றி நான்கு புல், ஒரு கல், இரண்டு இலை. அதற்கப்பால் நிறம் வெள்ளைத் தாளில் கரைந்து மறையட்டும். பியாட்ரிக்ஸ் பாட்டரின் பல படங்கள் இப்படித்தான் சட்டமில்லாமல் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. எழுத்துக்கும் இடம் கிடைக்கும், குழந்தையின் கண்ணும் நேராக விலங்கிடம் போகும்.

29. விலங்கு பார்க்கும் பக்கத்தில் வெற்றிடம் கூடுதலாக விடுங்கள். தமிழ்ப் புத்தகத்தை வலமிருந்து இடமாகத் திருப்புகிறோம். அடுத்த பக்கம் வலப்புறம் காத்திருக்கிறது. அதனால் பயணம் போகும் முயல் வலப்பக்கம் பார்த்து ஓடட்டும். வீடு திரும்பும் காட்சியில் இடப்பக்கம் திரும்பட்டும். சொல்லாமலேயே கதை நகரும்.

பராமரிப்பு

30. மழைக்காலத்தில் காகிதமும் வண்ணக் கட்டிகளும் பூஞ்சை பிடிக்கும். பெட்டியை ஈரத்தோடு மூடாமல், மின்விசிறியின் கீழ் முழுதாகக் காயவிட்டு மூடுங்கள். மிச்சக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மருந்து டப்பாவிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். அதைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷைத் தண்ணீர் டம்ளரில் முனை கீழாக நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் குளியல் சோப்பால் கழுவி, விரலால் முனையைக் கூராக்கி, படுக்க வைத்துக் காயவிடுங்கள்.

31. வரைந்த தாள் வளைந்திருந்தால், பின்பக்கத்தை ஈரத் துணியால் லேசாகத் துடைத்து, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஓர் இரவு அடுக்குங்கள். புத்தகமாகத் தொகுக்க ஸ்கேன் எடுப்பது நல்லது. போனில் எடுப்பதாக இருந்தால், வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில் காலை வெளிச்சத்தில் எடுங்கள். மூலப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினால், கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அட்டை வைத்து, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

32. குழந்தையும் கூடவே வரையட்டும். அவர்களுக்குத் தனி பிரஷ், தனி டம்ளர், ‘நான் டாக்சிக்’ என்று குறித்த வண்ணப் பெட்டி கொடுங்கள். கேட்மியம் பெயர் போட்ட டியூப்களை எட்டாத உயரத்தில் வையுங்கள். பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் யாருக்குமே வேண்டாம். முதல் புத்தகத்துக்கு ஒரே விலங்கு, எட்டே பக்கம் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். எந்த விலங்கு என்பதைக் குழந்தையே சொல்லட்டும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தேடிப் போய்ப் பாருங்கள். காது எப்படித் திரும்புகிறது, வால் எப்போது நிமிர்கிறது என்று பார்த்து வந்த குழந்தைக்கு, அந்த விலங்கு கதையில் என்ன செய்யும் என்பது நாம் சொல்லாமலேயே தெரிந்திருக்கும்.